மில்க்வீட் செடியில் கம்பளிப்பூச்சியா? பெயர் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

மொனார்க் பட்டாம்பூச்சி வரட்டும் என்று, அதன் புழுக்கள் தின்னும் மில்க்வீட் செடியை நட்டவர்களுக்கு ஏதாவது ஒரு கோடையில் இந்தச் சந்தேகம் கட்டாயம் வரும். மஞ்சள், கறுப்பு, வெள்ளைப் பட்டை போட்ட வழுவழுப்பான புழுவை எதிர்பார்த்து இலையைத் திருப்பினால், உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்த ஒரு கூட்டம் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். இது என்ன பூச்சி, மருந்து அடிக்க வேண்டுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

அடிக்க வேண்டாம். மொனார்க்கைப் போலவே அதுவும் வட அமெரிக்க மண்ணின் பூச்சிதான், அந்தச் செடியை நம்பித்தான் அதுவும் வாழ்கிறது. முதலில் அது எது என்று தெரிந்துகொள்வோம். வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் மில்க்வீட் வளர்ப்பவர்களையும், அங்கே வயல் ஓரங்களில் அதைப் பார்ப்பவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அங்கே மில்க்வீட் இலையில் வழக்கமாக மேயும் அந்துப்பூச்சிப் புழுக்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான், அதனால் புதியவர்களுக்கும் இது எட்டாத வேலை இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள். புழு வளர வளரச் சட்டை உரிக்கும், ஒவ்வொரு உரிப்பிலும் நிறமும் மயிரும் மாறும். ஒரே இனத்தின் குட்டிப் புழுவையும் முற்றிய புழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறவு என்றே சொல்ல முடியாது. எந்தச் செடியில் இருக்கிறது, இலையை எப்படித் தின்றிருக்கிறது, கூட்டமா தனியா என்பவை அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது.

கையில் என்ன வேண்டும்?

ஒரு கைலென்ஸ், மில்லிமீட்டர் போட்ட சின்ன ஸ்கேல், போன் கேமரா. போதும். கையுறை இருந்தால் நல்லது. மில்க்வீட் எருக்கின் குடும்பத்துச் செடி. இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பாலில் இதயத்தைப் பாதிக்கும் கார்டினோலைடு நச்சுகள் இருக்கின்றன. கையில் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் அதே கையால் கண்ணைக் கசக்கினால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கிவிடும். செடியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் தண்ணீர் விட்டு நன்றாக அலசிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

முதலில் செடி

"மில்க்வீட்டில் இருந்தது" என்று வரும் படங்களில் கணிசமானவை மில்க்வீட்டே இல்லை, டாக்பேன் என்ற உறவுக்காரச் செடி. அதுவும் பால் வடிக்கும், அதுவும் இலைகளை எதிரெதிராக விடும், இரண்டும் ஒரே வயல் ஓரத்தில் வளரும். டாக்பேனின் தண்டு மெல்லியது, மேலே போகப் போகக் கிளை பிரியும், பூ வெளிறிய நிறத்தில் சின்ன மணி வடிவத்தில் இருக்கும். அதன் காய் ஒல்லியாக நீண்டு இரண்டிரண்டாகத் தொங்கும். பரவலாக வளரும் சாதாரண மில்க்வீட்டுக்குத் தடித்த தண்டு, பெரும்பாலும் கிளைக்காமல் நேராகப் போகும். அகலமான இலைகளின் அடியில் மெல்லிய பூனைமயிர் இருக்கும், காய் உப்பலாக, மேலே சின்னச் சின்னப் புடைப்புகளோடு இருக்கும்.

சதுப்பு மில்க்வீட்டின் இலை குறுகலாக இருக்கும், ஈரமான இடத்தில் வளரும், பூ இளஞ்சிவப்பு. ஆரஞ்சுப் பூ பூக்கும் பட்டர்ஃபிளைவீட்தான் குழப்பும். அதுவும் மில்க்வீட் இனம்தான், ஆனால் கிள்ளினால் வெள்ளைப் பால் வராது, இலைகளும் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி வரும். எந்தச் செடி என்று குறித்து வையுங்கள். இந்த ஒரு குறிப்பே பிறகு பாதி வேலையை முடித்துவிடும்.

நிஜமாகவே தின்கிறதா?

செடியின் மேல் இருக்கும் புழு எல்லாம் அந்தச் செடியைத் தின்னும் புழு அல்ல. முற்றிய புழு கூடு கட்ட இடம் தேடி ஊர் சுற்றும், வழியில் எந்தத் தண்டிலும் ஏறி உட்காரும். கோடை முடிவில் ஹிக்கரி, வால்நட் மரங்களிலிருந்து இறங்கி வரும் ஹிக்கரி டஸ்ஸக் புழு அப்படிப்பட்டது. வெள்ளை உடம்பு, முதுகில் வரிசையாகக் கறுப்புக் கற்றைகள், அவற்றைத் தாண்டி பென்சில் போல நீளும் கறுப்பு மயிர்க்கொத்துகள். அதன் மயிர் தோலில் பட்டால் பலருக்கும் அரிப்பும் தடிப்பும் வரும். அதை மில்க்வீட் புழு என்று நினைத்துக் குழந்தைகள் கையில் எடுத்துவிடக் கூடாது.

அதனால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வாய் அசைகிறதா, இலை விளிம்பில் புதிதாகக் கடித்த இடம் இருக்கிறதா, கீழ் இலையில் எச்சம் உருண்டை உருண்டையாக விழுந்திருக்கிறதா? எதுவும் இல்லை என்றால் அது வழிப்போக்கன்தான், செடியின் பெயரை வைத்து அதை அடையாளம் காண முடியாது.

கால்களை எண்ணுங்கள்

புழு போல் இருப்பதெல்லாம் அந்துப்பூச்சிப் புழுவும் இல்லை. மில்க்வீட்டில் ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு பெரிய வண்டு இனம் உண்டு, சதுப்பு மில்க்வீட் இலைவண்டு. அதன் புழு குண்டாக, முதுகு வளைந்து, மந்தமாக இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மார்புப் பக்கத்தில் மூன்று ஜோடிக் கால்கள் மட்டும்தான். அந்துப்பூச்சி, பட்டாம்பூச்சிப் புழுக்களுக்கு அந்த மூன்று ஜோடியோடு வயிற்றுப் பக்கத்தில் சதைப்பற்றான பொய்க்கால்களும் இருக்கும், இங்கே நமக்கு வரும் இனங்களில் ஐந்து ஜோடி. புழுவைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எண்ணுவது சுலபம். இலைக்குள்ளேயே வளைந்து வளைந்து வெள்ளைத் தடம் ஓடியிருந்தால் அது ஓர் ஈயின் புழு செய்த வேலை, அதை விட்டுவிடலாம்.

மயிரா, கொம்பா?

அந்துப்பூச்சியையும் பட்டாம்பூச்சியையும் பிரிக்கும் பொதுவிதி புழு உலகில் கிடையாது. மயிர் இருக்கும் பட்டாம்பூச்சிப் புழுக்களும் உண்டு, வழுவழுப்பான அந்துப்பூச்சிப் புழுக்களும் ஏராளம். ஆனால் மில்க்வீட் இலையில் மட்டும் ஒரு சௌகரியம் இருக்கிறது: மயிர் அடர்ந்திருந்தால் பெரும்பாலும் அது அந்துப்பூச்சிதான், அதிலும் புலி அந்துப்பூச்சி (டைகர் மாத்) என்ற வகை. மொட்டை உடம்பில் கறுப்புச் சதைக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்தால் மொனார்க்கோ அதன் உறவோ.

மொனார்க் புழுவுக்குத் தலைப்பக்கம் நீளமாக ஒரு ஜோடி, வால்பக்கம் குட்டையாக ஒரு ஜோடி. நடுவில் இன்னொரு ஜோடியும் சேர்த்து மூன்று ஜோடி இருந்தால் அது குவீன் பட்டாம்பூச்சியின் புழு. தெற்கு மாநிலங்களில் பார்க்கலாம். தெற்கு ஃப்ளோரிடாவில் இருக்கும் சோல்ஜர் பட்டாம்பூச்சியின் புழுவுக்கும் மூன்று ஜோடிதான். முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த மொனார்க் புழுவில் பட்டையும் கொம்பும் தெளிவாகத் தெரியாது. சாம்பல் பச்சையில் கறுப்புத் தலையோடு ஒரு துணுக்காக இருக்கும். அந்த வயதில் கொம்பைத் தேடிப் பிரயோஜனம் இல்லை, அடுத்து வரும் பகுதிதான் கைகொடுக்கும்.

இலையைப் படியுங்கள்

எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். புழுவே இல்லாத செடியில் கூட, யார் வந்து போனார்கள் என்று இலை சொல்லிவிடும்.

மொனார்க் தன் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியாக வைக்கும். வெளிறிய பாலாடை நிறம், மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரிகள், இலையின் அடிப்பக்கம். அதிலிருந்து வரும் குட்டி முதலில் முட்டை ஓட்டையே தின்றுவிடும், பிறகு இலையில் அரைவட்டமாகவோ வட்டமாகவோ ஒரு பள்ளம் கிண்டி, பால் ஓட்டத்தைத் துண்டித்துக்கொண்டு, அந்த வட்டத்துக்குள் தின்னும். நடு இலையில் சின்ன வட்டத் துளை, பக்கத்தில் ஒரே ஒரு குட்டிப் புழு என்றால் மொனார்க். வளர்ந்த பிறகு அது இலைக் காம்பையோ நடுநரம்பையோ கடித்துவிடும். இலை மடங்கித் தொங்கும், தொங்கும் பகுதிக்குப் பால் வராது, நிம்மதியாகச் சாப்பிடும்.

மில்க்வீட் டஸ்ஸக் அந்துப்பூச்சியின் கதை வேறு. அறிவியல் பெயர் யூகேட்டஸ் ஈக்ளி. தாய் ஒரே இலையின் அடியில் முட்டைகளைக் கும்பலாக ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரிந்த குட்டிகள் கலைந்து போகாமல் அதே இலையின் அடியில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து, நரம்புகளைத் தொடாமல் இடையில் இருக்கும் பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும். பால் ஓடுவது நரம்பு வழியாகத்தானே, அதைத் தொடாமல் விட்டால் வாயும் ஒட்டாது. இரண்டு நாளில் அந்த இலை பழுப்பாகி, கொசுவலை போல நரம்பு மட்டும் மிஞ்சி நிற்கும். தூரத்திலிருந்தே தெரியும். பச்சைச் செடியில் ஓரிரண்டு இலைகள் மட்டும் சல்லடையாகிக் காய்ந்திருந்தால் பக்கத்து இலையைத் திருப்புங்கள், கூட்டம் அங்கே இருக்கும்.

முற்றிய ஈக்ளி புழுக்களும் நரம்பை வெட்டப் பழகிக்கொள்ளும். அப்போது இலையின் விளிம்பிலிருந்து பெரிய பெரிய துண்டாகத் தின்னும், கூட்டமும் கலையும். கடைசிக் கட்டத்தில் தனியாகவோ ஒன்றிரண்டு துணையோடோ பார்க்கலாம். ஆகவே "தனியாக இருக்கிறது, அதனால் ஈக்ளி இல்லை" என்று அவசரப்பட வேண்டாம். குட்டிகள் கூட்டமாக இருப்பதுதான் உறுதியான அடையாளம், பெரியவை தனியாக இருப்பது எதையும் சொல்லாது.

இன்னொன்று: மொனார்க் தாய்க்கு இளந்தளிர் பிடிக்கும். ஈக்ளியோ முற்றிய செடியில்தான் அதிகம் தென்படும். வடக்கே ஆண்டுக்கு ஒரு தலைமுறை, தெற்கே போகப் போக இரண்டோ அதற்கு மேலோ. ஜூன் முதல் செப்டம்பர் வரை தேடலாம், கோடையின் பின்பாதியில்தான் கண்ணில் அதிகம் படும்.

இப்போது மயிரைப் பார்க்கலாம்

ஈக்ளி குட்டிகள் மங்கிய சாம்பல் நிறம், மயிர் லேசாகத்தான் இருக்கும். இந்தக் கட்டத்தில் படம் எடுத்துப் போட்டால் யாரும் பெயர் சொல்லத் தயங்குவார்கள், கூட்டமும் சல்லடை இலையும் படத்தில் இருந்தால் தயக்கம் தீரும். சில உரிப்புகளுக்குப் பிறகுதான் வேடம் மாறும். கறுப்பு, ஆரஞ்சு அல்லது மஞ்சள், வெள்ளை என்று அடர்ந்த கற்றைகள், தலைப்பக்கமும் வால்பக்கமும் உடம்பைத் தாண்டி நீளும் கறுப்பு வெள்ளை இழைகள், கறுப்புத் தலை. முழு வளர்ச்சியில் சுமார் 35 மில்லிமீட்டர். இப்படி ஒன்று மில்க்வீட் இலையைத் தின்றுகொண்டிருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. தொந்தரவு செய்தால் பெரும்பாலும் பிடியை விட்டுக் கீழே விழுந்து சுருண்டு கொள்ளும். படம் எடுக்கப் போகிறவர்கள் செடியை அசைக்காமல் போங்கள்.

பெயரில் டஸ்ஸக் இருந்தாலும் அரிப்புக்குப் பேர்போன டஸ்ஸக் குடும்பத்தோடு இதற்கு நேரடி உறவில்லை. புலி அந்துப்பூச்சி வகைதான். மயிர் பட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, மென்மையான தோல் உள்ளவர்களுக்கு லேசாக அரிக்கலாம். அதனால் கையால் எடுக்காமல் இலையோடு எடுப்பதே நல்லது.

ஆரஞ்சு உடம்பு, அதில் அடர்த்தி குறைந்த சாம்பல் நிறக் கற்றைகள், கறுப்பு வெள்ளைக் கலப்படம் இல்லை, தனித்தனியாக இருக்கிறது என்றால் அது சிக்னியா இனம், அன்எக்ஸ்பெக்டட் சிக்னியா என்பார்கள். ஆரஞ்சுப் பூ பூக்கும் பட்டர்ஃபிளைவீட்டில்தான் முதலில் தேட வேண்டும். செடியைக் குறித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஈக்ளியை விட இது அரிது. கண்ணில் பட்டால் நல்ல படமாக எடுத்து வையுங்கள்.

அதன் உறவான சிக்னியா டெனெரா, டாக்பேன் புலி அந்துப்பூச்சி. இதன் புழுவில் கண்ணைப் பறிக்கும் எதுவும் இல்லை. அழுக்கு வெள்ளையிலிருந்து சாம்பல் வரை ஒரு நிறம், மென்மையான வெளிறிய மயிர், வண்ணக் கற்றைகளே இல்லை. டாக்பேன்தான் அதன் வீடு, மில்க்வீட்டில் எப்போதாவதுதான் வரும். மில்க்வீட்டில் இதைப் பார்த்ததாகத் தோன்றினால் முதலில் செடியை மறுபடி சரிபாருங்கள்.

மிச்சம் இருப்பவை எதையும் மேயும் ரகம். வர்ஜீனியா புலி அந்துப்பூச்சியின் புழு, மஞ்சள் கரடி என்று அழைக்கப்படுவது, வெளிர்மஞ்சள், செம்பழுப்பு, கரும்பழுப்பு என்று எந்த நிறத்திலும் வரும். உடம்பு முழுக்க மென்மையான நீள மயிர், நடுநடுவே சில இழைகள் மட்டும் மற்றவற்றை விட நன்றாக நீண்டிருக்கும். சால்ட் மார்ஷ் அந்துப்பூச்சியின் புழுவும் நிறத்தில் இதே போல ஆட்டம் காட்டும், ஆனால் மயிரின் நீளம் ஏறக்குறைய சமமாக இருக்கும். இந்த இரண்டையும் படத்தை வைத்து உறுதியாகப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே சிரமம். "புலி அந்துப்பூச்சி வகை" என்ற அளவில் நிறுத்திக்கொள்வதில் தப்பே இல்லை.

படம் எடுக்கும்போது

ஒரே கோணத்தில் பத்துப் படம் எடுப்பதை விட வெவ்வேறு கோணத்தில் நான்கு போதும்: மேலிருந்து முழுப் புழு, பக்கவாட்டில் கால்கள் தெரிய, தலை நெருக்கத்தில், அப்புறம் தின்ற இலையும் முழுச் செடியும் சேர்ந்து ஒன்று. கடைசிப் படத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒன்று எடுத்தால் நீளமும் தெரியும். தேதியும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும். வண்ணக் கற்றைகளோடு இருக்கும் முற்றிய ஈக்ளியை அவை நன்றாகவே அடையாளம் காணும். குட்டிப் புழுக்களிலும் வெளிறிய கம்பளிப்பூச்சிகளிலும் செயலி சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, செடியும் இலைத் தடமும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரிந்த பிறகு செடியை என்ன செய்வது?

பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். மில்க்வீட் பல்லாண்டுச் செடி. சாதாரண மில்க்வீட் மண்ணுக்கு அடியில் கிழங்குத் தண்டு விட்டுப் பரவும், இலை மொத்தமும் போனாலும் அடுத்த வசந்தத்தில் முளைத்து வரும். ஒரே ஒரு செடிதான் இருக்கிறது, அதில் மொனார்க் குட்டிகளும் இருக்கின்றன என்றால் ஈக்ளி கூட்டம் உட்கார்ந்திருக்கும் இலையை அப்படியே கிள்ளி, வேறொரு மில்க்வீட் செடியின் மேல் வைத்துவிடுங்கள். அவை தாமாக ஏறிக்கொள்ளும். மில்க்வீட் அல்லாத செடியில் விட்டால் பட்டினி கிடந்து சாகும். மொனார்க்கை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட வேண்டும் என்று 2024 டிசம்பரில் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை முன்மொழிந்த பிறகு, "மொனார்க்குக்குப் போட்டி" என்று கம்பளிப்பூச்சிகளை நசுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மொனார்க் வேண்டுமானால் இன்னும் நாலு செடி நடலாமே.

பி.டி. என்ற பாக்டீரியா மருந்து இயற்கையானது, பாதுகாப்பானது என்று சிலர் பரிந்துரைப்பார்கள். புழுக்களுக்கென்று விற்கப்படும் அந்த வகை, தின்னும் எல்லா அந்துப்பூச்சி, பட்டாம்பூச்சிப் புழுக்களையும் கொல்லும். மொனார்க்கும் அதில் அடக்கம்.

வளர்த்துப் பார்த்து உறுதி செய்வது

சந்தேகம் தீரவே இல்லை என்றால் ஒன்றிரண்டு முற்றிய புழுக்களை மட்டும் எடுத்து வளர்க்கலாம். காற்றோட்டமான டப்பா, அடியில் காகிதம், தினமும் அதே செடியின் புது இலை, தினமும் எச்சத்தைத் தட்டிச் சுத்தம் செய்வது, இவ்வளவுதான். தின்பதை நிறுத்திவிட்டு டப்பாவைச் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கினால் உலர்ந்த சருகு கொஞ்சம் போடுங்கள். ஈக்ளி தன் உடம்பு மயிரையே கலந்து சாம்பல் நிறக் கூடு கட்டும்.

கோடையின் நடுவில் கட்டிய கூடாக இருந்தால், இரண்டு தலைமுறை வரும் பகுதிகளில் சில வாரங்களில் அந்துப்பூச்சி வரலாம். கோடை முடிவில் கட்டியது குளிர்காலம் முழுக்கக் கூட்டுப்புழுவாகவே இருக்கும். அதை வீட்டுக்குள் சூடான அறையில் வைத்தால் காய்ந்துபோகும், இல்லையென்றால் நடுக்குளிரில் வெளியே வந்துவிடும். டப்பாவை வெளியே, வெயிலும் மழையும் நேராகப் படாத இடத்தில், எலி கடிக்க முடியாதபடி வையுங்கள்.

வெளிவருவது வண்ணப் புழுவுக்கு ஏற்ற பகட்டான பூச்சியாக இருக்காது. இறக்கை வெறும் சாம்பல், வயிறு மட்டும் மஞ்சள், அதில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். அது ஈக்ளி. இறக்கை வெள்ளையாக, முன்விளிம்பில் மஞ்சள் கோட்டோடு இருந்தால் சிக்னியா. பகலில் பறக்கும் மொனார்க்குக்குப் பறவைகளை எச்சரிக்க நிறம் வேண்டும். இந்த இரண்டுக்கும் இரவில் வௌவால்தான் எதிரி, இருட்டில் நிறத்துக்கு என்ன வேலை? அதனால் மார்புப் பக்கத்தில் இருக்கும் ஓர் உறுப்பால் நம் காதுக்கு எட்டாத கீச்சொலி எழுப்பி, தான் ருசியில்லாத இரை என்று வௌவாலுக்கு அறிவித்துவிடும். வௌவால்களும் அந்துப்பூச்சிகளும் ஒலியால் மோதிக்கொள்வதை ஆராய்ந்தவர்கள் சிக்னியா டெனெராவை அதிகம் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கூட்டிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதிலாக முரட்டு மயிருள்ள ஈ ஒன்று வந்து நின்றால் டப்பாவில் ஏதோ புகுந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். டகினிட் என்னும் ஒட்டுண்ணி ஈ அது, புழுவாக இருந்தபோதே உள்ளே குடியேறியிருக்கும். அந்தப் புழுவுக்கு அந்துப்பூச்சியை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. எடுத்து வைத்த படங்களுக்கும் செடிக் குறிப்புக்கும்தான் திரும்பிப் போக வேண்டும்.